அக்ரிலிக், நான்கடிக்கு மூன்றடி

இரண்டு மணிக்கு எழுந்து
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
நானூறு ரப்பர் வெட்டுகிறேன்.
கடைசி வரிசை முடித்துத் திரும்பினால்
சிரட்டை சிரட்டையாய் வெள்ளைப் புள்ளிகள்
இருட்டில் மலை இறங்கிப் போகும்.
இந்தப் புள்ளியை எங்கே படித்தாய் என்று
நாகர்கோவிலில் கேட்டவர்களிடம்
இதைச் சொன்னதில்லை.
தொல்மரபு என்று அவர்களே
அட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டார்கள்.

புள்ளிக்கு அடியில் இருப்பது வேறு.

எங்கள் இல்லத்தின் முதல் ஆள்
கொக்கரையை உரசிக்கொண்டு
கோதையாற்றங்கரையோடு நடந்து வந்தான்.
பசி.
நூறைக்கிழங்குக்குத் தோண்டினான்,
ஊற்று வந்தது.
பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தான்.
எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்றால்
பாறையில் இரண்டு குழி விழுகிற நேரம்.
அதன் பிறகு நடந்தது
மச்சம்பி இல்லத்தார் கதை.
எனக்குத் தெரியும்.
என்னுடையது இல்லை.
பாறைக்கு மேலே
பேச்சிப்பாறை அணை
தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறது.

முதல் படத்தில்
தெரிந்தது எல்லாவற்றையும் வரைந்துவிட்டேன்.
அண்ணியின் தம்பி ஈச்சன், என்னைவிட ஆறு வயது இளையவன்,
சவாரியை விட்டுவிட்டு ஆட்டோவோடு வந்தான்.
பார்த்தான்.
குளிக்கும் இடத்தில் தெரியாமல் வந்து நின்றவன்போல
முகத்தைத் திருப்பிக்கொண்டு
"நல்லாத்தான் இருக்கு.
அந்த மூலைக்கு ஒரு துணியப் போடு" என்றான்.
கட்டஞ்சாயாவைக் குடிக்காமலே போனான்.

அன்றைக்கு வெட்டுக்குப் போகவில்லை.
வெள்ளையைக் குழைத்து
ஈர்க்குச்சி நுனியால்
அந்த மூலையைப் புள்ளி வைத்து மூடினேன்.
புள்ளிமேல் புள்ளி, அதன்மேல் புள்ளி,
காக்கை கத்தும்வரை.
காய்ந்தபின் பார்த்தால்
கோடையில் தண்ணீருக்குள் கிடக்கும் பாறை மாதிரி
இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது,
என்னவென்று தெரியவில்லை.

அந்த மூலைக்குத்தான் விலை ஏறியது.
ஜெஸ்டஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி
"இந்த இடம் மூச்சு விடுது, சுபலா" என்றார்.
பதினெட்டாயிரம்.
கூரைக்கு ஷீட் மாற்றினேன்,
மிச்சத்தில் மஞ்சள் டப்பா இரண்டு.
மூடியதற்குக் காசு வாங்குவது
முதலில் கூச்சமாக இருந்தது.
இப்போது கேட்டு வாங்குகிறேன்.

போன வைகாசியில்
எங்கள் குடிக்கு வரும் மண்பாதைக்கு அனுமதி கேட்டு
அணைக்கட்டு அலுவலகத்துக்குப் போனேன்.
பொறியாளர் நாற்காலிக்குப் பின்னால்
என் படம்.
யார் வாங்கி யார் கொடுத்தார்களோ.
தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.
கோதையாறு மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது.
முதல் ஆள் கால் மேலே தலை கீழே,
கொக்கரையை மட்டும் விடவில்லை.
திருப்பி மாட்டுங்கள் என்று வாயெடுத்தேன்.
சொன்னால்
எது மேல் என்று விளக்க வேண்டும்.
விளக்கப் போனால்
மூலைக்கு வர வேண்டும்.

பக்கத்துச் சுவரில் நீர்மட்டப் பலகை:
இன்று முப்பத்தொன்று புள்ளி நான்கு அடி.
அந்தப் புள்ளி சுண்ணாம்பில்,
நான் வைப்பதைவிட உருண்டையாக.

பொறியாளர் புதிது, தஞ்சாவூர்ப் பக்கம்.
நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.
மனுவைப் படித்துக்கொண்டே
என் பார்வை போன இடத்தைத் திரும்பிப் பார்த்து
"அது என்ன பூவும்மா?
உங்க காட்டுல பூக்குறதா?" என்றார்.

பாறையின் தலை தெரிய
பதினெட்டுக்கு இறங்க வேண்டும்.
நான் பிறந்தபின் இரண்டு தடவை இறங்கியிருக்கிறது.

"பதினெட்டடிக்கு வரட்டும் சார்,
சொல்லுதேன்."

அவர் பேனாவைத் திறந்து
மனுவின் ஓரத்தில்
18 என்று குறித்துக்கொண்டார்.